நூலகத்தில் ஒலித்த ‘நைனா’

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அது. ராயபுரம் பக்கம் நான் படித்த கல்லூரியின் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தேழு வயதில், அலுவலக வேலையை வைத்துக்கொண்டே மாலை வகுப்பில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருந்தேன். மறுநாள் நான் கட்டுரை வாசிக்க வேண்டும்.

அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடம், பல இனப் பின்னணி கொண்ட அமெரிக்க எழுத்தாளர்கள். ஆளுக்கு ஒருவர். எனக்கு வந்தவர், அரபு நாடொன்றிலிருந்து குடியேறியவர்களின் மகள். அவருடைய நாவலில் ஒரு மருத்துவமனைக் காட்சி. கட்டிலில் சாகக் கிடக்கும் அப்பா, பக்கத்தில் வளர்ந்த மகள். “அழாதே, பாபா” என்று ஒரு வரி வரும். சொன்னது யார் என்று எழுதியிருக்காது. அகராதியைப் பார்த்தேன். பாபா என்றால் அப்பா. அப்படியானால் பேசுவது மகள், அழுவது அப்பா. குடியேறிய நாட்டில் அப்பா குழந்தையாகிறார், மகள் அவருக்குத் தாயாகிறாள் என்று அந்த ஒரு வரியின் மேல் கட்டுரை முழுவதையும் கட்டியிருந்தேன்.

பேராசிரியை அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அடுத்த பத்தியில் கண்ணைத் துடைத்துக்கொள்வது மகள்தானே, அப்பா எங்கே அழுதார் என்று கேட்டார். என்னைவிட வயதில் சிறியவர். “நாளைக்குள்ள சரி பண்ணிடுங்க மேடம். முடியலன்னா அடுத்த செமஸ்டர்ல வேற எழுத்தாளர எடுத்துக்கலாம்” என்றார் மென்மையாக.

எனக்கு அடுத்த செமஸ்டர் என்று ஒன்று இருக்காது. திருவொற்றியூர் வீட்டில் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு மாலைகளில் வருவதே பெரும்பாடு. இப்போது நின்றால் நின்றதுதான்.

அலமாரி அலமாரியாகத் தேடினேன். நூலகக் கணினியில் ‘பாபா’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் சாமியார் பெயர்களும் உணவகங்களும்தான் வந்தன. இருட்டத் தொடங்கியபோது கைப்பேசி அலறியது. சத்தத்தை அணைத்து வைக்க மறந்திருந்தேன். பதறி எடுத்ததில் விரல் ஒலிபெருக்கியில் பட்டுவிட்டது.

“இன்னா நைனா, துன்னியா?”

அப்பாவுக்குக் காது மந்தம். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிய குரல் வேறு. கூடம் முழுவதும் கேட்டது. அணைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டே, “இல்லப்பா, வேலையே முடியல. படிப்பே வாணாம்னு கீது” என்றேன். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

“அழுவாத நைனா. வூட்டுக்கு வா. நான் கீறேன்ல.”

பக்கத்து மேசை மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்: “ஆன்ட்டி, நைனான்னா அப்பாதானே? உங்கப்பா உங்களப் போய் நைனான்றாரே, ஆள் மாத்திப் பேசிட்டாரா?”

“எங்க வூட்ல அப்படித்தாம்மா” என்றவள் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு மகளாகும் வயதுள்ள அவளை நானும் ‘அம்மா’ என்றுதானே சொன்னேன்?

அதற்குள் நூலகர் அம்மாள் வந்துவிட்டார். “போன்னா வெளிய போய்ப் பேசணும், தெரியாதா?” என்றார். மன்னிப்புக் கேட்டு, நாவலை அவர் முன் விரித்து, விஷயத்தைச் சொன்னேன். நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தச் சொல்லத் தேடாதீங்க. வழக்கத்தத் தேடுங்க.”

அரபுக் குடும்பம், உறவுமுறைச் சொல், பிள்ளைகளை அழைப்பது என்று பொருள் வரும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து, கல்லூரி சந்தா கட்டும் ஆய்விதழ்த் தொகுப்பில் தேடினார். ஒரு மொழியியல் கட்டுரை வந்தது. அங்கே அப்பா தன் பிள்ளையை ‘பாபா’ என்றே கொஞ்சுவாராம், மகளாக இருந்தாலும். தாயும், பிள்ளை தன்னை அழைக்கும் சொல்லாலேயே பிள்ளையை அழைப்பாளாம். அழுதது மகள்தான். அழாதே என்றவர் அப்பா.

“என் பையன நானும் அப்பான்னுதான் கூப்புடுறேன்” என்றார் நூலகர், தாளை அச்செடுத்துக் கொடுத்தபடி. “அதுக்காக இங்க போன் பேசுனது சரின்னு ஆயிடாது.”

கட்டுரையைத் தலைகீழாகத் திருப்பி எழுதினேன். மகள் தாயாகவில்லை. உயிர் பிரியும் நேரத்திலும் அவளுடைய அப்பா அப்பாவாகவே இருந்தார். மறுநாள் வாசிக்கும்போது எங்கள் வீட்டுச் சொல்லையும் வகுப்பின் முன் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியை அந்தக் கேள்விக்குறியை என் கண் முன்னால் ரப்பரால் அழித்தார்.

வீட்டுக்கு வந்து, தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே அப்பாவிடம் கதையை உரக்கச் சொன்னேன். கட்டுரையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

“அந்த ஆஸ்பத்திரி ஆளு பொயச்சாரா?”

“இல்லப்பா.”

தோசையைப் பிய்த்தபடி கேட்டார்: “அப்பால அந்தப் பொண்ண யாரு அப்டிக் கூப்புடுவாங்கோ?”

இன்னொரு தோசையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

அன்றிலிருந்து எந்த நூலகத்தில் இருந்தாலும், அப்பாவின் அழைப்பு வந்தால் வாசலுக்குப் போய்த்தான் பேசுகிறேன். ஆனால் யார் காதிலும் விழக்கூடாது என்று கைப்பேசியின் ஒலியைக் குறைப்பதில்லை; ‘நைனா’ என்று அழைக்க எனக்கு இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் கேட்கட்டும்.