மார்கித்துக்குத் தராத கையேடு

புருஷன் போன பிறகு மார்கித் தனியாளாகத்தான் மாட்டுப் பண்ணையைக் கட்டிக்காத்தாள். இடுப்பு விட்டுப்போனதால் பால் கறக்கும் இயந்திரம் வாங்கினாள். மாடு தானே போய் நிற்கும். இயந்திரக் கை காம்பைத் தேடிப் பிடித்துக் கறக்கும். அவள் செல்லம் கொஞ்சும் லில்யா என்ற பசு, அந்த இரும்புக் கையைத் தவிர வேறு கையை அறியாதது.

கோடைத் திருவிழாவன்று விடிகாலையில் இயந்திரம் நின்றுபோனது. திரையில், ‘பிழை 41. பழுதுநீக்கும் கையேட்டைப் பார்க்கவும்.’ அவளிடம் இருந்த கையேடு, திரையை எந்தத் துணியால் துடைக்கலாம் என்று சொல்லும். மற்றதைக் கம்பெனி தன் ஆட்களுக்கு மட்டுமே கொடுக்கும்.

உடனே போன் செய்தாளா? இல்லை. நான் அடுத்த பண்ணையிலிருந்து ஓடி வந்தபோது மத்தியானம். மாடுகள் கதறிக்கொண்டிருந்தன.

“பண்டிகை நாளு. எல்லாரும் மீனும் உருளைக்கிழங்குமா உக்காந்திருப்பாங்க. சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருக்கேன்.”

“அடிப் பாவி, ஊறுகா போட்ட மீனு ஆறியா போயிடும்? போனைப் போடுடி!”

எங்கள் நாட்டு மரியாதையில் இடி விழ.

போனில் ஒரு பையன், குரலில் தேன். ஆள் நாளை சாயங்காலம்தான் வருவாராம்.

“அந்த நாப்பத்தொண்ணு என்னன்னு மட்டும் சொல்லுங்களேன்,” என்றாள் மார்கித்.

“பக்கம் என் முன்னாடிதாங்க இருக்கு. ஆனா எங்க மெக்கானிக்குங்களுக்கு மட்டும்தான் சொல்லலாம்.”

நான் போனைப் பிடுங்கினேன். “ஏம்ப்பா, மெஷின் அவளோடதுதானே?”

“மெஷின் அவங்களோடதுங்க. கையேடு கம்பெனியோடது. தெரியாம தொட்டுக் கைய நசுக்கிக்கிட்டா யாரு பொறுப்பு?”

அதில் நியாயம் இருக்கலாம். அப்படியென்றால் எதைத் தொடக்கூடாது என்றாவது சொல்லித் தொலைக்கலாமே!

திருவிழா ஆட்டத்தை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். முடிந்தவரை கையால் கறந்தோம். லில்யா யாரையும் அண்டவிடவில்லை. மார்கித் மண்டியிட்டுக் கெஞ்சினாள். அவள் தோளிலேயே ஓர் உதை விழுந்தது. மறுநாள் மடி கல்லாகி, காய்ச்சல் ஏறி, பசு படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்து, “இனி தேறாதும்மா, ரொம்ப வேதனைப்படுது. காலையில மருந்தோட வந்து, வலியில்லாம போயிடற ஊசியைப் போட்டுடறேன்,” என்றார்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். மடிக்கணினியில் எதையோ பார்த்தார். ஒரு மூடியைக் கழற்றி, உள்ளே அடைத்துக்கிடந்த சின்ன வலையைக் காபி வடிகட்டியைத் தட்டுவதுபோல் தட்டித் திரும்பப் பொருத்தினார். இயந்திரம் ஓடியது.

மார்கித் அந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டுங்களேன். பார்த்துக்கறேன்.”

அவர் கணினியை மூடினார். முகம் செத்துப்போயிருந்தது. “என் வேலை போயிடும், மார்கித். இப்ப பார்த்தீங்கல்ல, அதுகூட நான் காட்டினதா இருக்க வேணாம்.”

“நாளைக்கு வேற நம்பர் வந்தா?”

“போன் பண்ணுங்க.”

அவர் போனதும் மார்கித் கொட்டகைக்குள் வந்து லில்யாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடிந்தால் மருத்துவர் வந்துவிடுவார். அதுவரை எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.