சுண்டுவிரல் சாவி

பிரான்சில் எங்கள் கிராமமான லா கூத்தூரில் புல்லாங்குழல் செய்யாத வீடு குறைவு. பட்டறையில் என் பக்கத்து மேஜைக்காரி ஸெஃபிரீன் மரத்தைத் தொட்டதில்லை. குழலின் துளைகளை மூடும் வெள்ளிச் சாவிகளை அரத்தால் ராவி முடிப்பதுதான் முப்பது வருஷமாக அவள் வேலை. ஊத வராது, ஆசையும் பட்டதில்லை.

போர் முடிந்த மறு குளிர்காலம், பக்கத்து ஊரான இவ்ரியிலிருந்து லெயொகாதி என்ற விதவை கணவனின் கருங்காலிக் குழலோடு வந்தாள். சுண்டுவிரல் சாவியில் சாய்வாக ஒரு பள்ளம். அந்த மனுஷனுக்கு விரல் கோணல். அழுத்தி அழுத்தி வெள்ளி தேய்ந்திருந்தது.

"இதை மாத்திடும்மா. பள்ளத்தோட யாரும் வாங்க மாட்டாங்க. இது வீட்டுல இருக்கவே வேணாம் எனக்கு."

ஸெஃபிரீன் புதுச் சாவி அடித்து, மட்டமாக ராவி, அழுத்தினால் துளை திறந்து விட்டால் மூடும்படி வில்கம்பி மாட்டி ஜன்னலோரம் வைத்தாள். பத்து நாள் கழித்துத் தூசி தட்ட எடுத்தவளின் கட்டைவிரல் சட்டென்று நின்றது. புதுச் சாவியில் பள்ளம். அதே சாய்வு.

மரம் கடையும் இலேர் சிரித்தான். "வயசாச்சு, ஒத்துக்கோ. பழசையே திருப்பி மாட்டியிருப்ப."

"பழசு இந்த டப்பாவுல கிடக்குது. நீயே பாரு."

பார்த்தான். டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தன் கடைசலுக்குத் திரும்பினான்.

மறுபடி ராவினாள். நாலே நாளில் பள்ளம் திரும்பியது. இன்னொரு தடவை ராவினால் ஓட்டை விழும். தன் சுண்டுவிரலை மெல்ல அதில் வைத்தாள். அடுப்பு மூட்டாத அறை, கைகள் விறைத்திருந்தன. வெள்ளி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அழுத்தவில்லை. சாவி தானாகத் தாழ்ந்தது, துளை திறந்தது, கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகு மூடிக்கொண்டது. நானும் பார்த்தேன்.

குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு இவ்ரிக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன்.

"ரெண்டு தடவை ராவிட்டேம்மா. திரும்பத் திரும்ப வருது. என்னால ஆகாது."

லெயொகாதி பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"சாகுறப்ப இதைத்தான் கேட்டாரு. நெஞ்சு தாங்காது, குடுக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. துணி அலமாரியில ஒளிச்சு வெச்சேன். மூணு நாள் கேட்டுட்டே இருந்தாரு."

குழலை அவள் விற்கவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். எங்களுக்கு சூப் ஊற்றும்போதும் அதை நகர்த்தவில்லை.

ஸெஃபிரீன் இன்னும் பதினாறு வருஷம் வேலை பார்த்தாள். சுண்டுவிரல் சாவி வந்தால் மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவாள்.

"நீதான்டி அதை நல்லா ராவுற" என்பாள்.

அது பொய். என் வேலை அவள் வேலைக்குப் பக்கத்தில்கூட வராது.