எல்லாக் கணினியிலும் அடித்த மணி

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்து மாடி ஒன்றில் நடக்கும் கணினி வகுப்பில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே படிப்பிக்கும் ரீச்சர் மேல் எனக்கு ஒரே ஆசை. சொல்லத்தான் வாய் வரவில்லை. தினமும் மூன்றே முக்காலுக்கு அவர் பால் விடாத பிளேன்ரீ குடிக்கக் கீழே இறங்குவார். நானும் தற்செயலாகப் படியில் எதிர்ப்படுவேன். அந்தத் தற்செயல் தவறிவிடக் கூடாதே என்று என் கணினியில் அந்த நேரத்துக்கு அடிக்கும்படி ஒரு மணி வைத்திருந்தேன்.

வகுப்பில் மாணவர் முன்னாலும் ரீச்சர் முன்னாலும் இருப்பவை வெறும் திரைகள். கணினிகள் எல்லாம், என்னுடையது உட்பட, பின்னறையில் இருக்கும் சேவர் என்ற ஒரு பெரிய தாய்க்கணினிக்குள்தான் ஓடுகின்றன. ஒன்றை முழுதாகத் தயார்செய்து டெம்ப்ளேட்டாக, அதாவது மூல அச்சாக, வைத்துக்கொண்டால், அதிலிருந்து வேண்டிய அளவு பிரதி எடுக்கலாம். எடுக்கும்போது கவனமில்லாமல் திரையில் வரும் ஒரு பெட்டியில் சரி போட்டுவிட்டால் போதும், செய்துவைத்த அமைப்பெல்லாம் துடைபட்டுப் போய்விடும். போன தவணை நான் அந்தத் திருப்பணியைச் செய்தேன். தமிழ் விசைப்பலகை காணாமல் போனது, கடிகாரம் அமெரிக்க நேரம் காட்டியது, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"இந்த முறையும் ஏதாவது காணாமப் போச்செண்டா, நான் உங்களோட கதைக்கவே மாட்டன்," என்றார் ரீச்சர், புதுத் தவணை தொடங்குமுன்.

அன்று கொட்டாஞ்சேனை வீடு வரை பஸ்ஸில் நின்றபடி அதையே யோசித்தேன். தமிழும் நேரமும் ஒழுங்காக இருப்பது என் கணினியில். அதையே டெம்ப்ளேட் ஆக்கினால் என்ன? புதுத் தவணைக்கு அப்படியே செய்தேன். ரீச்சருடையது உட்பட ஒவ்வொரு பிரதிக்கும் பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றினேன், மற்ற எதையும் தொடவில்லை.

முதல்நாள் எல்லாத் திரையிலும் தமிழ் வந்தது. நேரமும் கொழும்பு நேரம்.

"ஓம், இப்ப சரி," என்று ரீச்சர் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ வேலை இருப்பதுபோல் வகுப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றே முக்கால். மூலையில் ஒரு கணினி கணீரென்றது. அடுத்தது. பிறகு அத்தனையும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைப்பையோடு கிளம்பிய ரீச்சர் வாசலில் நின்றார்.

"இதெல்லாம் உங்கட மெஷின்ர பிரதிதானே?"

"ஓம்."

"அப்ப இந்த மணி உங்களுக்கு என்னத்துக்கு? நான் ரீ குடிக்கப் போற நேரமெல்லோ இது?"

மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தேன். அது ஒரு உதவியும் செய்யவில்லை. படியில் நடந்த தற்செயல்களை ஒவ்வொன்றாக அவர் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. இனி என்னோடு கதைக்கவே மாட்டார் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"இப்பவே எல்லாத்திலயும் அழிச்சு விடுறன்," என்றேன்.

"பிள்ளையளின்ர மெஷின்ல அழியுங்கோ." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ர மெஷின்ல இருக்கட்டும். அழிக்கிறதைப் பிறகு செய்யலாம், வாங்கோ ரீ குடிக்க."