குதிரை படுத்திருந்த இடம்

கல்லாவியிலிருந்து பாகலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, மாமியார் இல்லாத வீடு என்று தோழிகள் பொறாமைப்பட்டார்கள். மாமியார் இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் வீட்டை ஒட்டிய கொல்லையில் ஒரு குதிரை இருந்தது. செத்துப் புதைத்த குதிரை.

அது பெங்களூர்ப் பந்தயங்களில் கோப்பை கோப்பையாக வாங்கிய பெட்டைக் குதிரையாம். அதை வளர்த்த துரை, சீமைக்குத் திரும்பும்போது நிலத்தை என் மாமனாருக்கு விற்றார். சமாதியில் மட்டும் ஏர் ஓட்டக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். மாமனார் பந்தயம் பார்த்தவரில்லை. சூதாட்டம் என்று திட்டுபவர். ஆனாலும் சமாதியைச் சுற்றி முள்வேலி போட்டார். ஆடு நுழைந்தால் ஆட்டுக்காரனின் பரம்பரையையே தெலுங்கில் வைவார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போதாது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் எங்கள் கிணறு வற்றியது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து எனக்கு இடுப்பு விட்டுப்போனது. நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டிவந்தோம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடம் குதிரையின் சமாதி.

“வேற எடம் பாருங்க” என்றார் மாமனார். நீரோட்டக்காரர் பார்த்தார். தேங்காய் மறுபடியும் அங்கேதான் நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

“மாமா, செத்த குதிரைக்குக் காவல் இருக்கீங்க. உசுரோட இருக்கறவ தண்ணி சொமந்தே சாகட்டுமா?” என்று கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நழுவிவிட்டார்.

மாமனார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை, “ஏரு ஓட்டக் கூடாதுன்னுதான் துரை சொன்னாரு. எடம் மாத்தக் கூடாதுன்னு சொல்லல” என்றார். புங்கமரத்தடியில் ஒரு முழுக் குதிரை கால் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் புதுக் குழி வெட்டச் சொன்னார். சரளை மண், ஆட்கள் முனகிக்கொண்டே வெட்டினார்கள். பூசாரி குதிரையின் நட்சத்திரம் கேட்டார். யாருக்கும் தெரியாததால் வர மறுத்துவிட்டார். மாமனாரே சூடம் கொளுத்தினார்.

சமாதியைத் தோண்டினால் ஒரு மண்டையோடும், லாடம் அடித்த நான்கு குளம்புகளும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

“ஒடம்ப எவனோ களவாண்டுட்டானுங்க” என்றார் தோண்டியவர். மாமனாரின் முகம் வெளுத்துவிட்டது. காவலுக்கு அவரல்லவா பொறுப்பு? அடுத்த பஸ்ஸிலேயே பெங்களூர் போனார். அங்கே ஒரு குதிரை வைத்தியர் சிரித்தாராம். பேர்போன குதிரை என்றால் தலை, இதயம், குளம்பு மட்டும்தான் புதைப்பது வழக்கமாம். இதயம் மண்ணாகியிருக்குமாம்.

“மிச்சத்த என்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். தூக்கிப் போட்டுருவாங்களாம்” என்றார் திரும்பி வந்ததும். “ஓடுனது ஒடம்பு இல்லியா?” தமிழில்தான் கேட்டார். அதனால் அது கோபமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இவ்வளவு பெரிய குழி எதற்கு, பாதியை மூடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தலையை ஒரு பக்கம் வைத்தார். குளம்புகளைக் கால்கள் இருக்க வேண்டிய இடங்களில் வைத்தார். நடுவில் உடம்புக்கு இடம் விட்டு, மண் தள்ளி மூடினார்.

பழைய இடத்தில் கிணறு வெட்டினோம். நல்ல தண்ணீர். முதல் குடத்தை நானே சுமந்துபோய்ப் புங்கமரத்தடியில் ஊற்றினேன். அந்தக் குதிரைமேல் எனக்கிருந்த வன்மம் அன்றோடு போயிற்று.

அந்தக் கிணற்றில் கவலை ஏற்றம் இழுத்துத் தண்ணீர் இறைத்த செவலைக் காளை சில வருஷங்களில் படுத்துச் செத்துப்போனது. அது கோப்பை எதுவும் வாங்கியதில்லை. மாமனார் குதிரைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டச் சொன்னார். தோலுக்கு விலை பேச வந்தவரைத் தெலுங்கில் திருப்பியனுப்பினார். காளையை இறக்கியபோது வால் மட்டும் குழியின் விளிம்பில் கிடந்தது.

“இவனாவது முழுசாப் போவட்டும்” என்று சொல்லிக்கொண்டே, அவர் குனிந்து அதை எடுத்து உள்ளே வைத்தார்.