ஜெனிவாலுக்கு எத்தனை வாட்

எங்கள் ஊரில் முட்டை வண்டி வந்தாலும் ஜெனிவால்தான் சொல்ல வேண்டும், யாராவது செத்தாலும் ஜெனிவால்தான் சொல்ல வேண்டும். பழைய காரின் கூரையில் நான்கு குழாய் ஸ்பீக்கர், கையில் மைக். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. அந்தக் காரில் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. எல்லாம் ரேடியோ மெக்கானிக் அன்டெனோர் பூட்டியது. அவன் ஜெனிவாலின் உயிர் நண்பன், மகளுக்கு ஞானத்தந்தை.

அந்த அன்டெனோர் ஒரு புதன்கிழமை விடியலில் போய்ச் சேர்ந்தான். எங்கள் வெயிலுக்கு உடம்பு தாங்காது. அன்று சாயங்காலம் நாலு மணிக்கே அடக்கம். ஜெனிவால் மைக்கைப் பிடித்து "ஊர் மக்களே" என்றான். ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை வந்தது.

"அவன் சாவைச் சொல்லாம நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்று சாவு வீட்டுக்கே வந்து அழுதான். அங்கே கூடியிருந்தவர்களுக்கு அழுகையைவிட ஆம்ப்ளிஃபையர் வசதியாகப் போயிற்று.

"மூவாயிரம் வாட் போடுண்ணே. என் வண்டியில இருக்கறதையே கழட்டித் தர்றேன்," என்றான் உவெலிட்டன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அணைக்கரையில் ஸ்பீக்கரைச் சுவர்போல அடுக்கி எங்கள் தூக்கத்தைக் கெடுப்பவன்.

"அது டப்பா மேல எழுதினது. பத்து நிமிஷத்துல பேட்டரி படுத்துரும்," என்றாள் ஸ்பீக்கர் கடை மார்லுசி. "நீ சொல்லு ஜெனிவால், உன் ஸ்பீக்கர் எத்தனை ஓம்?"

"நாலு."

"நாலு ஓமா?"

"நாலு ஸ்பீக்கர்."

"நான் எதைக் கேட்டா நீ எதைச் சொல்ற!"

"ஓம்னா என்னக்கா? கூடுனா நல்லதா, குறைஞ்சா நல்லதா?"

அதற்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னார்கள். மூன்றாவது என்னுடையது, அதுவும் தப்பாம். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஜெனிவால் திருதிருவென்று விழித்துவிட்டு அன்டெனோரின் சவப்பெட்டியருகே போய் நின்றான்.

"நீயாவது சொல்லித் தொலையேன்டா."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அன்டெனோரின் மனைவி லின்டால்வா ஃபிளாஸ்கைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ச் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டியைக் கொண்டுவந்தாள்.

"பழசு சீக்கிரம் போயிரும்னு போன வருஷமே வாங்கி வெச்சார். நீதான் வேணாம்னுட்டியாமே?"

ஜெனிவாலுக்கு நினைவு வந்தது. இருநூறு வாட் என்று போட்டிருந்ததைப் பார்த்து, "இது கோழிக்குக்கூடக் கேக்காதுடா" என்று சிரித்தவன் அவன்தான். அன்டெனோர் அதை அலமாரியில் ஏற்றிவிட்டான்.

பெட்டிக்குள் ஒயர்கள்கூட அளந்து வெட்டி, எது எங்கே என்று துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்தன. மார்லுசி அரை மணியில் பூட்டிவிட்டாள். "பேச்சுக்கு இது போதும். மனுஷன் சரியாத்தான் பாத்திருக்கார்," என்றாள்.

கார் கிளம்பியது.

"ஊர் மக்களே, ரேடியோ மெக்கானிக் அன்டெனோர் காலமானார். இன்னைக்கு நாலு மணிக்கு அடக்கம்." ஒவ்வொரு எழுத்தும் கோயில் மேடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. "உறவினர்களும் நண்பர்களும்..."

இருபது வருஷமாகத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய வரி. அதன் நடுவிலேயே நின்றுவிட்டான். மைக்கை அணைக்கவும் தோன்றவில்லை. அவன் விசும்பியதையும் அந்த இருநூறு வாட் கொஞ்சமும் கரகரக்காமல் தெருத்தெருவாகக் கொண்டுபோனது.