திரைக்கு அடியில் ஒரு கேபிள்

ஷாஹிஸ்தாவுக்கு அழுகையே வரவில்லை. அந்த வீட்டில் அதுதான் பெரிய பேச்சு. பைக்கில் ஓமலூர் போன அவள் கணவன் அர்பாஸ், லாரி மோதி இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அழுதார்கள். இவள் சோறு வைத்தால் தின்றாள், மற்ற நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பெத்த வயிறு எரியுது. இவ கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இருக்கா பாரு," என்று மாமியார் அஜீஸா காதுபடவே சொன்னாள். அதுகூட இவளுக்கு உறைக்கவில்லை.

இந்த லட்சணத்தில் ஆபீசிலிருந்து கவின் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். நெட்வொர்க்கில் வருவதைச் சலித்து, வேண்டாததைத் தள்ளுகிற பெட்டி. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் சலிக்கிற பகுதி ஷாஹிஸ்தா எழுதியது. அதை வாங்கிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் போய்ச் சேரவில்லையாம். போனில் சொல்லித் தீரவில்லை. இந்த வாரம் சரிசெய்யாவிட்டால் அவள் வேலை இன்னொருத்தருக்கு.

புருஷனை இழந்து இத்தா என்கிற துக்கக் காலத்தில் வீட்டோடு இருப்பவள் வேற்று ஆம்பளை முன்னால் வரலாமா! மாமனார் அப்துல் சலாம் யோசித்து, நடுவே ஒரு போர்வையைக் கட்டிவிட்டார். ஹாலில் பெட்டியோடு கவின், அறைக்குள் லேப்டாப்போடு இவள், திரைக்கு அடியில் ஒரு கேபிள்.

"சின்னப் படம் அனுப்பு, கவின்."

"போயிருச்சுங்கக்கா."

"இப்ப பெருசு."

"மொதத் துண்டு போவுது. மிச்சத்த எல்லாம் தள்ளுதுங்க."

அட, இவ்வளவுதானா! பெரிய படம் துண்டு துண்டாகத்தான் வரும். எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்ற விவரம் முதல் துண்டில் மட்டும் இருக்கும்; அது இல்லாததைப் பெட்டி தள்ளிவிடும். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டுத்தான் சலிக்க வேண்டும். புதிய பதிப்பில் எவனோ சேர்க்கும் முன்பே சலிக்க வைத்திருந்தான். அவள் விரல்கள் தாமாக வரிசையை மாற்றின. மனம் எங்கோ மரத்துக் கிடந்தது.

"அக்கா! முழுசா வந்திருச்சுங்க!"

வேலை தப்பியது. ஷாஹிஸ்தா சோம்பல் முறித்தாள். வழக்கம்போலக் கதவுப் பக்கம் திரும்பி, "என்னங்க, சரியாயிருச்சு. டீ போடுங்க," என்றாள்.

சுருட்டிக்கொண்டிருந்த கேபிளைக் கவின் அப்படியே கீழே வைத்தான். அவருக்குக் காதில் விழவில்லையோ என்று அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

அடுப்படியில் அஜீஸா வாயைப் பொத்திக்கொண்டாள். மகனை அடக்கம் செய்த அன்றைவிட இப்போது அதிகமாக வலித்தது. பிறகு பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள்.