ஆறு வோல்ற்றில் அம்மாவின் குரல்

சுவிசிலிருந்து அண்ணா எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "தங்கச்சி, உண்மையைச் சொல்லு. அம்மா இருக்கிறாவோ?"

அம்மா அந்த நேரம் குசினியில் நின்று, நான் வைத்த சொதியில் உப்புக் கூடிவிட்டதென்று நாலாவது தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறார் என்பதில் எங்களுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் அண்ணாவில் பிழை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் ஸ்கந்தபுரத்துக்கு வந்த புதிதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். தனியாக இருக்கும் அண்ணா என்ன செய்துகொள்வாரோ என்ற பயத்தில் ஆறு மாதம் நான் அதை மறைத்தேன். "அப்பா சுகம், உங்களைக் கேட்டவர்" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினேன். பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அதே கைதான் இப்போது "அம்மா சுகம்" என்றும் எழுதியது. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பிறகு அண்ணா எப்படி நம்புவார்?

அம்மாவின் குரலைக் கசட்டில் பதிந்து அனுப்புவோம் என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் அப்போது அது வழக்கம்தான். பக்கத்து வளவு அக்கா வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து வியாழக்கிழமை வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்தார். அங்கிருந்து தபாலில் போட்டுவிடுவார். அவரை விட்டால் அடுத்து யார், எப்போது போவார்கள் என்று தெரியாது. ரேப் றெக்கோடரும் ஒரு கசட்டும் இரவலாகக் கிடைத்தன. பற்றரிதான் இல்லை. வன்னிக்குள் பற்றரி வரத் தடை, மின்சாரம் என்ற பேச்சே இல்லை. தீர்ந்துபோன பற்றரிகளைப் பொறுக்கி வெயிலில் காயவைத்துப் பார்த்தோம். அரைப் பாட்டுக்கு மேல் அவை தாங்கவில்லை.

மிச்சம் இருந்தது சைக்கிளின் ஆறு வோல்ற் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றித்தான் ஊரே றேடியோவில் செய்தி கேட்டது. நான் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். டைனமோ தருவது ஆடலோட்டம், கருவிக்கு வேண்டியது நேரோட்டம், இரண்டுக்கும் நடுவே மின்னை ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் நாலு இருவாயிகள் என்று கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். ஆனால் ஒரு இருவாயியையாவது கண்ணால் கண்டதில்லை. சந்தையடியில் றேடியோ திருத்துகிறவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவர் என் உள்ளங்கையில் நாலு கறுப்புத் துண்டுகளை வைத்தார். மிளகைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதுதான் டீச்சர் நீங்கள் படிப்பிக்கிற சாமான்" என்று சிரித்தார். "வெள்ளிக் கோடு எந்தப் பக்கமெண்டு பாத்துப் பூட்டுங்கோ. மின்னைச் சீராக்கிற இந்தக் கொண்டென்சருக்கும் பக்கம் இருக்கு, மாறிப் பூட்டினா வெடிக்கும். டைனமோவில ஒரு கம்பிதான். மற்றக் கம்பி சைக்கிளின்ர உடம்பு. அதால றெக்கோடரின்ர இரும்பு ஒண்டும் சைக்கிளில முட்டக்கூடாது. லைற்றையும் கழட்டிப்போடாதேங்கோ. அது கூடப் பளிச்செண்டு எரிஞ்சா கை வேகம், சாமான் எரிஞ்சுபோம். மங்கினா மின் காணாது."

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, கொண்டென்சரை மாறித்தான் பூட்டினேன். நல்லகாலம், றெக்கோடரை இன்னும் கொழுவவில்லை. கணவர் சுற்றினார், அது சூடேறியது, பிறகு படாரென்று வெடித்தது. வன்னியில் படாரென்றால் யாரும் நின்று யோசிக்கமாட்டார்கள். முழங்கால் நோவென்று காலையிலிருந்து படுத்திருந்த அம்மா எங்கள் எல்லாரையும் முந்திப் பதுங்குகுழிக்குள் நின்றார். நடந்தது என்னவென்று சொன்னதும் வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உயிரோட இருக்கிறன் எண்டு கொண்ணனுக்குக் காட்ட வெளிக்கிட்டு, என்னைக் கொல்லப் பாக்கிறியோ?"

செவ்வாய்க்கிழமை, இரவல் வாங்கிய இரண்டாவது கொண்டென்சரோடு வேலை சரிவந்தது. கணவர் முற்றத்தில் இருந்து சுற்றினார். அம்மா வெளியில் போகிற சேலையை உடுத்து வந்து கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியில் ஆமிச் சோதனையில் போட்டுக் கேட்பார்கள், ஊர்க்கதை ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கதை மட்டும் போதும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவரும் வீட்டுக்கதைதான் சொன்னார். அப்பா போன கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். மகனுக்கு அதைத் தன் வாயால் சொல்ல அவருக்கு அதுவரை வழியிருக்கவில்லை. நான் றெக்கோடரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

கணவரின் கை ஓய்ந்துபோயிருந்தது. போட்டுக் கேட்க மறுபடியும் சுற்றச் சொல்ல மனம் வராமல், அடுத்த நாள் காலை கசட்டைத் திருத்துகிறவரின் கடைக்குக் கொண்டுபோனேன். அவரிடம் வேலைக்கென்று ஏற்றி வைத்த கார்ப் பற்றரி இருந்தது, அதை வெளியில் இரவல் கொடுக்கமாட்டார். தொடக்கத்தில் அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே வந்தது. அப்பாவின் கதை வரவர அது மெலிந்து, கீச்சிட்டு, கடைசியில் ஒரு பொம்மை பேசுவதுபோல் ஆகிவிட்டது. "கொப்பர் கடைசியாத் தண்ணி கேட்டவர்" என்று அந்தப் பொம்மை சொல்ல, கடையில் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்கள். இரண்டு பேருக்கும் அறையவேண்டும் போலிருந்தது. இந்தக் குரலை அண்ணா கேட்டால், அம்மா இல்லை, யாரையோ பிடித்துப் பேச வைத்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார். ஆறு மாதம் பொய் எழுதியவள் இதையும் செய்வாள்.

"சுத்தினது ஆர்?" என்று கேட்டார் திருத்துகிறவர்.

"இவர்தான்."

"அம்மா கதைச்சதைக் கேட்டுக்கொண்டே சுத்தினவர்?"

எனக்கு விளங்கிவிட்டது. கை தளர்ந்தால் மின் குறையும், கசட் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் கீச்சுக்குரல். கணவரை ஒரு பிடி பிடிப்பதென்று வீட்டுக்கு வந்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா தண்ணி கேட்டவர் எண்டு மாமி சொல்லேக்க எனக்குக் கை ஓடேல்லையப்பா" என்றார்.

ஏசுவதை விட்டுவிட்டு வயர் தேடப் போனேன்.

புதன் பின்னேரம், கிடைத்த வயர்த் துண்டுகளையெல்லாம் முடிந்து நீளமாக்கினோம். முடிச்சுகளைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினேன். சைக்கிளைக் கிணற்றுக்கு அப்பால், ஒரு சொல்லும் கேட்காத இடத்துக்குக் கொண்டுபோனோம். லைற்றைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது என்று கணவருக்குக் கட்டளை. அவரும் வெளிச்சம் கூடவும் விடாமல், குறையவும் விடாமல் முக்கால் மணித்தியாலம் சுற்றினார். அம்மா முழுவதையும் மறுபடியும் சொன்னார். கடை பூட்டமுன் ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து முடிவுவரை எங்கள் அம்மா. அப்படியே அந்தக் கடை வாங்கிலில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கியது போலிருந்தது. விடிந்ததும் கசட் வவுனியாவுக்குப் போனது. றெக்கோடரும் எரியாமல் உடையவரிடம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு மூன்று மாதம் பதிலில்லை. கசட் போய்ச் சேரவில்லையோ, சேர்ந்தும் நம்பவில்லையோ என்று நான் நினைக்காத நாளில்லை. ஒரு மத்தியானம் கடிதம் வந்தது. அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வாசித்தேன்.

"கசட் வந்து பத்து நாள் மேசையில கிடந்தது. போடப் பயமாயிருந்தது. அம்மா கதைக்காமல் நீ கதைச்சா நான் என்ன செய்யிறது? நேற்றுத்தான் போட்டன். கதைக்க முதல் அம்மா ஒருக்காச் செருமினா. அதோட நிப்பாட்டிப்போட்டு இருந்து அழுதன். எனக்கு அது காணும் தங்கச்சி. மிச்சத்தை ஆறுதலாக் கேப்பன்."

அண்ணா நம்பிவிட்டார். அது ஒன்றே எனக்குப் போதும்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ரெண்டு தரம் தொண்டை வறளக் கதைச்சனான். செருமினதை மட்டுமோ கேட்டவன்?" என்றார். பிறகு கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தான் செருமினதை எந்த இடத்தில் எழுதியிருக்கிறான் என்று கேட்டார். அவருடைய விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன்.